கரண்ட் போனால் தண்ணீர் எங்கே போகும்: பவளத் தொட்டிக்குப் பைப் போட்ட அனுபவம்

எங்கள் வீட்டுப் பவளத் தொட்டிக்குப் பைப் போடும் முன் காகிதத்தில் மூன்று படம் வரைந்தேன். முதல் படத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவதில் கரண்ட் போய் மோட்டார் நின்றுவிட்டது. மூன்றாவதில் மோட்டார் ஓடுகிறது, ஆனால் தண்ணீர் இறங்கும் பைப் அடைத்துக்கொண்டிருக்கிறது. தொட்டி செய்து தருபவர்கள் காட்டுவது எப்போதும் முதல் படம்தான். தரையை நனைப்பதும், கீழ் வீட்டுக்காரர் மேலே ஏறி வந்து காலிங் பெல் அடிக்க வைப்பதும் மற்ற இரண்டு படங்கள்தான். அந்த இரண்டையும் மனதில் வைத்துப் பைப் போட்டால் முதலாவது தானாகவே சரியாக வந்துவிடும் என்பது என் கணக்கு.

தொட்டியின் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் இரண்டாவது மாடி ஃபிளாட். தொட்டி 4 அடி நீளம், 18 அங்குல அகலம், 20 அங்குல உயரம். கல்லும் மணலும் போக சுமார் 250 லிட்டர் தண்ணீர். அடியில் கேபினெட்டுக்குள் சம்ப் என்னும் கீழ்த் தொட்டி, 90 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 40 உயரம். மேல் தொட்டியின் பின்பக்கம் ஒரு தடுப்புப் பெட்டி. தண்ணீர் அதன் விளிம்பிலுள்ள பல் இடைவெளிகள் வழியே பெட்டிக்குள் வழிந்து, பைப்பில் இறங்கி சம்புக்குப் போகும். அங்கே வடிகட்டித் துணி, புரத நுரையைப் பிரிக்கும் ஸ்கிம்மர் எல்லாம் தாண்டி, கடைசி அறையிலிருக்கும் மோட்டார் அதை மறுபடி மேலே தள்ளும். இறங்குவது ட்ரெயின் லைன், அதாவது வடிகால் பைப்; ஏறுவது ரிட்டர்ன் லைன்.

இடையில் ஒன்று. கடினப் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வந்துவிட்டன. மன்னார் வளைகுடாவிலிருந்து யாராவது கொண்டுவந்து தருகிறேன் என்றால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். என் தொட்டியில் இருப்பவை ஜோவாந்தஸ் போன்ற மென்மையான வகைகள்தான். பைப் வேலைக்கு இரண்டுக்கும் வித்தியாசமில்லை.

இரண்டாவது படத்துக்கு வருவோம். மோட்டார் நின்றதும் மேலிருந்து எவ்வளவு தண்ணீர் கீழே வரும்? இதை ஊகிக்கத் தேவையில்லை, பெருக்கிப் பார்த்தால் போதும். 122 சென்டிமீட்டரை 46 ஆல் பெருக்கினால் சுமார் 5600. அதாவது மேல் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் குறைந்தால் 5.6 லிட்டர் கீழே வருகிறது. மோட்டார் ஓடும்போது தடுப்பின் விளிம்புக்கு மேல் சற்று உயர்ந்து நிற்கும் தண்ணீர் முதலில் இறங்கும். ரிட்டர்ன் பைப்பின் வாய் தண்ணீருக்குள் இருந்தால், பைக்கிலிருந்து டியூப் வைத்துப் பெட்ரோல் எடுப்போமே, அதுபோல மேல் தொட்டித் தண்ணீர் அந்தப் பைப் வழியாகவே பின்னோக்கி இறங்க ஆரம்பிக்கும். வாய் காற்றில் தெரியும்வரை அது நிற்காது. என் அமைப்பில் இரண்டும் சேர்ந்து 3 சென்டிமீட்டர், அதாவது 17 லிட்டர். தடுப்புப் பெட்டிக்குள் இருப்பது ஒரு 7 லிட்டர். பைப்பிலும் ஸ்கிம்மரிலும் தங்கியிருப்பதற்கு 6 லிட்டர். ஆக மொத்தம் 30 லிட்டர். சம்பில் மோட்டார் ஓடும்போது 25 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது, மேலே 15 சென்டிமீட்டர் காலி. அதில் 54 லிட்டர் பிடிக்கும். பயமில்லை.

இந்தக் கணக்கில் பெரிதாக மாறக்கூடியது ரிட்டர்ன் வாயின் ஆழம் ஒன்றுதான். அலை நன்றாக இருக்கட்டும் என்று வாயை 15 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்தால், கரண்ட் போகும்போது 84 லிட்டர் கீழே வரும். இந்த அளவு சம்ப் எதுவும் அதைத் தாங்காது. வாய் மேற்பரப்புக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழேயே இருக்கட்டும். அலைக்குத் தனியாக வேவ்மேக்கர் இருக்கிறதே.

கூடுதல் பாதுகாப்புக்கு ரிட்டர்ன் பைப்பில் தண்ணீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறிய துளை போடுவார்கள். மட்டம் அந்தத் துளைக்கு இறங்கியதும் காற்று உள்ளே போய் உறிஞ்சல் அறுந்துவிடும். நானும் போட்டிருக்கிறேன். ஆனால் கணக்குப் போடும்போது அந்தத் துளை இல்லை என்றே வைத்துக்கொண்டேன். பாசி அடைக்கும், குட்டி நத்தை வந்து உட்காரும். பிளம்பர்கள் என்.ஆர்.வி. என்று சொல்லும், தண்ணீரைப் பின்னோக்கி விடாத செக் வால்வுக்கும் இதே நிலைதான். கடல் நீரில் சுண்ணாம்பு படியும், கல்போல ஒட்டும் கோரலைன் பாசி வளரும், அப்புறம் உள்ளிருக்கும் தட்டு முழுக்க மூடாது. நண்பர் ஒருவர் வீட்டில் செக் வால்வு இருக்கிறதே என்ற தைரியத்தில் சம்பை விளிம்புவரை நிரப்பி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். புதிதில் அது அழகாக வேலை செய்தது. ஒரு நாள் அதன் தட்டில் அரிசியளவு நத்தை ஓடு சிக்கிக்கொண்டது, ஹால் முழுக்க உப்புத் தண்ணீர். செக் வால்வு வைப்பதானால் அது இல்லாமலும் சம்ப் நிரம்பி வழியக்கூடாது என்ற நிபந்தனையோடு வையுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் என்.ஆர்.வி.யில் பெரும்பாலும் பித்தளையோ இரும்பு ஸ்பிரிங்கோ இருக்கும் என்பது இன்னொரு சிக்கல். பித்தளை ஏன் ஆகாது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது படம் இதற்கு நேர் எதிர். ட்ரெயின் அடைத்துக்கொண்டால் மோட்டார் தன் அறையிலுள்ள தண்ணீரை எல்லாம் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், அறை வற்றிய பிறகுதான் நிற்கும். அதனால் மோட்டார் அறை சின்னதாக இருப்பது நல்லது. என் சம்பில் அந்த அறை 30க்கு 40 சென்டிமீட்டர். மோட்டாரின் வாய்க்கு மேலே நிற்பது 15 சென்டிமீட்டர் தண்ணீர், ஆக 18 லிட்டர். அது மொத்தமும் மேலே போனால் மேல் தொட்டி 3.2 சென்டிமீட்டர் உயரும். விளிம்புக்கு 5 சென்டிமீட்டர் காலி வைத்திருப்பதால் தாங்கும்.

தாங்கும் என்று எழுதிவிட்டு, ஆட்டோ டாப்-அப்பை நினைத்துப் பார்த்தேன். ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாக நல்ல தண்ணீரைத் தானாக ஊற்றும் குட்டி மோட்டார் அது. மோட்டார் அறையில் மட்டம் குறைந்தால் ஊற்றும். ட்ரெயின் அடைத்து அறை வற்றும்போது, ஆவியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு தன் கேனில் இருப்பதை எல்லாம் கொட்டும். 10 லிட்டர் கேன் என்றால் 18ம் 10ம் 28 லிட்டர், சரியாக 5 சென்டிமீட்டர். விளிம்பைத் தொட்டுவிடும். அதனால் கேனை 6 லிட்டராக வைத்தேன். கோடையில் ஃபேன் ஓடினால் தினமும் மூன்று நான்கு லிட்டர் ஆவியாகும், ஆகவே இரண்டு நாளைக்கு மேல் தாங்காது. அடிக்கடி நிரப்ப வேண்டியிருக்கிறது, பரவாயில்லை. பெரிய கேன் வசதிதான், ஆனால் அதிலிருப்பது முழுவதும் ஒருநாள் தொட்டிக்குள் வந்துவிடலாம் என்று கணக்கு வைத்துக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

அடுத்தது, தண்ணீர் எப்படி இறங்குவது. சத்தம் வருவது இங்கேதான்.

பழைய முறை டர்சோ. நிமிர்ந்த ஒற்றைப் பைப், மேலே வளைந்த வாய், உச்சியில் காற்றுக்கு ஒரு துளை. தண்ணீரும் காற்றும் கலந்து இறங்கும். எளிமையானது, ஆனால் ஒற்றைப் பைப் அடைத்தால் மாற்று வழியே கிடையாது. இரவில் கொடகொடவென்று சத்தமும் வரும். ஹெர்பி என்ற முறையில் இரண்டு பைப். ஒன்று காற்றே இல்லாமல் முழுக்கத் தண்ணீர் நிரம்பி, அந்தப் பெட்ரோல் டியூப் போல உறிஞ்சும் சைஃபனாக இறங்கும், அதன் வேகத்தை வால்வு வைத்துக் கட்டுப்படுத்த வேண்டும். மற்றது சற்று உயரமாக, ஆபத்துக்கு மட்டும். பீன் அனிமல் முறையில் மூன்று: ஒன்று முழு சைஃபன், ஒன்று மிச்சத் தண்ணீரை மெல்ல இறக்குவது, ஒன்று ஆபத்துக்கு.

நான் போட்டது மூன்று பைப். அதற்குக் காரணம் வால்வு. ஹெர்பி முறையில் சைஃபனின் வேகமும் மோட்டாரின் வேகமும் மயிரிழையில் பொருந்த வேண்டும், அதற்குக் கேட் வால்வுதான் சரி. நம் ஹார்டுவேர் கடையில் கேட் வால்வு கேட்டால் பித்தளையில்தான் எடுத்துத் தருவார்கள். பிளாஸ்டிக்கில் வேண்டுமானால் ஆன்லைனில் தேடிக் காத்திருக்க வேண்டும். எங்கும் கிடைக்கும் பால் வால்வு கால் திருப்பில் முழுக்கத் திறந்து மூடிவிடும், நுணுக்கமாக வைக்க வராது. மூன்று பைப் முறையில் அந்த நுணுக்கம் அவ்வளவு தேவையில்லை. சைஃபனைச் சற்று இறுக்கமாக வைத்துவிட்டால் மீதித் தண்ணீர் நூலளவு இரண்டாவது பைப்பில் வழிந்து இறங்கும். மோட்டாரின் வேகம் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அந்த நூல் தடித்தும் மெலிந்தும் சமாளித்துக்கொள்ளும்.

இரண்டாவது பைப்பில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. அதன் உச்சியிலிருந்து ஒரு சிறிய காற்றுக் குழாய் கிளம்பி, வளைந்து, தடுப்புப் பெட்டியின் தண்ணீர்மட்டத்துக்குச் சற்று மேலே வாய் திறந்து நிற்கும். சைஃபன் அடைத்துப் பெட்டியில் மட்டம் உயர்ந்தால் அந்த வாய் தண்ணீரில் மூழ்கும், காற்று நின்றுவிடும், இரண்டாவது பைப்பும் தானே முழு சைஃபனாக மாறி எல்லாத் தண்ணீரையும் இறக்கும். அதையும் மீறினால் மூன்றாவது. மூன்றாவதன் அடி முனையை சம்பின் தண்ணீருக்கு மேலேயே விட்டிருக்கிறேன். அதில் தண்ணீர் வந்தால் பக்கத்து அறைவரை கேட்கும்படி சலசலக்கும். அந்தப் பைப்பில் மட்டும் சத்தம் வருவதுதான் வேண்டும்.

மூன்றும் ஒரு அங்குலப் பைப். எனக்குத் தேவைப்பட்ட ஓட்டம் மணிக்கு 1500 லிட்டர், தொட்டியின் அளவைப்போல ஆறு மடங்கு. ஒரு அங்குலப் பைப் முழு சைஃபனாக ஓடினால் இதைப்போல இரு மடங்கை எளிதாக இறக்கும். ஆபத்துப் பைப் மட்டும் மெலிதாகப் போட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம். பைப் விலையில் மிச்சமாவது ஒரு நாள் டீச் செலவு.

இனி கடைக்குப் போவோம். நம் ஊரில் அதிகம் குழம்பும் இடம் இது. ‘ஒரு இஞ்ச் பைப்’ என்று கேட்டால் மூன்று விதமான பைப் கைக்கு வரும். வெள்ளை யுபிவிசியின் வெளிவிட்டம் 33.4 மில்லிமீட்டர். சந்தன நிற சிபிவிசியில் அதே ஒரு அங்குலம் 28.6. விவசாயத்துக்கு விற்கும் சாம்பல் நிறப் பிவிசியில் அது 32. பல்க்ஹெட் என்னும் டேங்க் கனெக்டர்களை மீன் கடைகளிலோ ஆன்லைனிலோ வாங்கினால் பெரும்பாலும் சீனாவிலிருந்து வரும் 25, 32 மில்லிமீட்டர் அளவுகள்தான். 32 மில்லிமீட்டர் வாய்க்குள் வெள்ளை யுபிவிசி நுழையாது, சாம்பல் பைப் உட்காரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பல்க்ஹெட்டை முதலில் வாங்கி, கண்ணாடியில் துளையும் போட்டுவிட்டு, பிறகு பைப் தேடி அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன். வெர்னியர் காலிப்பர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், கடையிலேயே ஒன்றை ஒன்றுக்குள் செருகிப் பார்த்து வாங்குங்கள். ஒட்டாமல் செருகும்போது பைப் முக்கால்வாசி ஆழத்தில் இறுகி நிற்க வேண்டும். லொடலொடவென்று கடைசிவரை போனால் அது வேறு அளவு, சொல்யூஷனை எவ்வளவு தடவினாலும் நிற்காது.

யுபிவிசி, சிபிவிசி இரண்டில் எதுவானாலும் சரி, ‘லெட் ஃப்ரீ’ (ஈயம் கலக்காதது) என்று பைப்பின் மேல் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். பிறகு பிராஸ் எல்போ, பிராஸ் எம்டிஏ, எஃப்டிஏ. குழாய் மாட்டுவதற்காக உள்ளே பித்தளை மரை வைத்த இணைப்புகள் இவை. வெளியே பார்த்தால் பிளாஸ்டிக்தான், திருப்பி உள்ளே பார்த்தால்தான் மஞ்சள் தெரியும். பித்தளையில் செம்பு இருக்கிறது. கடல் மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் தனித் தொட்டியில் செம்பைத்தான் மருந்தாகப் போடுவார்கள். அதே செம்பு இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும். பிளம்பர் நல்ல எண்ணத்தில் ‘சார், பிராஸ்னா ஸ்ட்ராங்கா இருக்கும்’ என்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஹோஸ் கிளிப்பும் பிளாஸ்டிக்கில்தான். ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருப்பதும் உப்புக் காற்றில் சீக்கிரமே பழுப்பேறும்.

கண்ணாடித் துளை பற்றிச் சுருக்கமாக. டஃப்பன் செய்த கண்ணாடியில் துளை போட முடியாது, பிட் பட்டதும் மொத்தமும் நொறுங்கிவிடும். சாதாரணக் கண்ணாடியில் டைமண்ட் பிட், குறைந்த வேகம், விடாமல் தண்ணீர். துளைக்கும் கண்ணாடி விளிம்புக்கும் இடையே குறைந்தது துளையின் விட்டமளவு இடம் இருக்கட்டும். பல்க்ஹெட்டின் ரப்பர் வாஷர் தலைப்பக்கம், அதாவது தண்ணீர்ப் பக்கம் வர வேண்டும், நட்டுப் பக்கம் அல்ல. கையால் இறுக்கி அதற்கு மேல் கால் சுற்று, அவ்வளவுதான். சில பல்க்ஹெட்களில் மரை இடப்பக்கம் சுற்றும், இறுகவில்லையே என்று அழுத்தி உடைத்துவிடாதீர்கள். வாஷரில் சிலிக்கான் தடவுவது தேவையில்லாத வேலை, பிறகு கழற்றவும் முடியாது.

ஒட்டும் வேலைக்கு எங்கள் தெருப் பிளம்பர் அண்ணனைக் கூப்பிட்டேன். பைப்பை வெட்டாமல் கழற்றி மாட்ட உதவும் யூனியன் இணைப்புகளின் பொட்டலத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“என்னா சார், ஓவர்ஹெட் டேங்குக்கே நாங்க ரெண்டுதான் போடுவோம். மீன் தொட்டிக்கு இத்தனையா?”

“மோட்டாரை சில மாசத்துக்கு ஒருவாட்டி கழட்டி வினிகர்ல ஊற வைக்கணும் அண்ணே. சம்பையும் வெளிய எடுக்க வேண்டி வரும்.”

“அப்ப சரி. ஆனா நீங்க கோடு போட்ட எடத்துல வெச்சா கழட்ட முடியாது சார். ரெண்டு கையும் உள்ள போற மாதிரி எடம் வேணும். ஒரு கை பைப்பைப் புடிக்கணும், ஒரு கை நட்டைத் திருப்பணும்.”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு. கேபினெட்டின் பின்சுவரை ஒட்டி நான் வரைந்திருந்த மூன்று யூனியன்களையும் அவர் முன்பக்கம் கொண்டுவந்தார். எல்லாமே சம்பின் விளிம்புக்கு மேலே, கீழிருந்து பார்த்தால் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் தெரியும் உயரத்தில். சம்புக்கு நேர் மேலே இருப்பதால் கசிந்தாலும் தண்ணீர் தொட்டிக்குள்தான் விழும். வால்வுக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று, ஒவ்வொரு ட்ரெயினுக்கும் ஒன்று என்று யூனியனில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். ஒட்டிய மூட்டைக் கழற்றுவது என்றால் ஹேக்ஸா பிளேடுதான்.

அவரிடம் நான் வற்புறுத்தியது இரண்டு விஷயம். பைப்பை நேராக வெட்டி, வெட்டிய முனையில் பிசிறைக் கத்தியால் சீவி எடுப்பது. அப்புறம், சொல்யூஷன் தடவிச் செருகும்போது கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் அப்படியே அழுத்திப் பிடிப்பது. இல்லாவிட்டால் பைப் மெல்லப் பின்னால் நழுவும். யுபிவிசிக்கும் சிபிவிசிக்கும் சொல்யூஷன் வேறு வேறு, டப்பாவைப் பார்த்து வாங்க வேண்டும். ஒட்டியபின் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் விடவில்லை. மரை உள்ள இடத்தில் டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்றினோம். பிளாஸ்டிக்கை ஸ்பேனர் போட்டு இறுக்கவே கூடாது. உள்மரைப் பகுதி கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும், சில வாரம் கழித்துக் கசியும்.

ட்ரெயின் பைப்பில் திரும்ப வேண்டிய இடங்களில் 90 டிகிரி எல்போவுக்குப் பதில் 45 டிகிரி இரண்டு போட்டோம். படுக்கையாக ஓடும் பகுதி எங்குமே இல்லை, இருந்தால் அங்கே காற்று தங்கி சைஃபன் தொடங்கத் திணறும். சைஃபன் பைப்பின் அடிமுனை சம்ப் தண்ணீருக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் மூழ்கியிருக்க வேண்டும். சத்தம் குறையட்டும் என்று ஆழமாக இறக்கினால், பைப்பிலிருக்கும் காற்று வெளியே போக வழியில்லாமல் நின்றுவிடும்.

ரிட்டர்ன் பக்கம் அவ்வளவு சங்கதி இல்லை. மோட்டாரின் வாய் எந்த அளவோ அதைவிட மெலிந்த பைப் போடாதீர்கள், சுருக்குவதைக் கடைசி வாயில் வைத்துக்கொள்ளலாம். மோட்டாருக்கும் பைப்புக்கும் நடுவே ஒரு சாண் சிலிக்கான் ஹோஸ் போட்டால் அதிர்வு கேபினெட்டுக்கு ஏறாது. பெட்டியில் மணிக்கு 3000 லிட்டர் என்று போட்டிருப்பது உயரமே இல்லாத இடத்தில் எடுத்த கணக்கு. ஒன்றேகால் மீட்டர் ஏறி நான்கைந்து வளைவு தாண்டும்போது பாதிகூட வரலாம். உண்மை தெரிய வேண்டுமானால் ரிட்டர்ன் வாயை 15 லிட்டர் வாளிக்குள் திருப்பி நேரம் பாருங்கள். 36 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 1500 லிட்டர். தண்ணீரைக் குளிர வைக்கும் ‘சில்லர்’ கருவியை ரிட்டர்ன் லைனிலேயே கோர்த்துவிடுவார்கள், அது ஓட்டத்தை நன்றாகக் குறைக்கும். நான் ரிட்டர்னில் ஒரு டீ போட்டுத் தனி வால்வோடு கிளை பிரித்தேன். சில்லரைக் கழற்றினாலும் தொட்டி நிற்காது.

சென்னையில் கோடை மாலையில் கரண்ட் போய்விட்டு வருவது சகஜம். அதனால் மோட்டார் கன்ட்ரோலரை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், கரண்ட் திரும்பியதும் தானாக ஓடுமா என்று. சில டிசி மோட்டார்கள் பட்டனை அமுக்கும்வரை சும்மா நிற்கும். இன்வெர்ட்டரில் எல்லாவற்றையும் மாட்ட வேண்டியதில்லை. வேவ்மேக்கர் ஒன்று ஓடினால் மீனுக்குக் காற்று கிடைத்துவிடும். பிளக் பாயின்ட் சம்பைவிட உயரத்தில், ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கியபடி இருக்க வேண்டும். ஒயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத லைனில் உப்புத் தண்ணீர்த் தொட்டியை வைக்கவே வைக்காதீர்கள்.

உப்பு கலக்கும் முன் சாதாரணத் தண்ணீரில் சோதனை. ஒவ்வொரு மூட்டுக்கும் அடியில் டிஷ்யூ காகிதம் சுற்றி இரவு முழுக்க ஓட விட்டேன். காலையில் ஒரு யூனியன் அடியில் மட்டும் காகிதத்தில் பத்துப் பைசா அளவு ஈரம். கழற்றிப் பார்த்தால் ஓ-ரிங்கில் வெட்டிய பைப்பின் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. துடைத்து மாட்டியதும் நின்றுவிட்டது. அப்புறம் மெயின் சுவிட்சைத் திரும்பத் திரும்ப அணைத்தும் போட்டும் பார்த்தேன். அணைத்தபோது சம்ப் மட்டம் எங்கே வந்து நிற்கிறதோ அங்கே மார்க்கரால் ஒரு கோடு. மோட்டார் ஓடும்போது நிற்கும் மட்டத்துக்கு இன்னொன்று. தண்ணீர் ஊற்றும் யாரும் இந்தக் கீழ்க்கோட்டைத் தாண்டி ஊற்றக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். கடைசியாக மூன்றாவது படத்தையும் நிஜமாக்கினேன். முதலில் சைஃபன் வால்வை மூடினேன், இரண்டாவது பைப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. அதன் வாயையும் ஈரத்துணியால் அடைத்தேன், ஆபத்துப் பைப் இரைந்தது. பிறகு மூன்றையும் அடைத்துவிட்டு, மோட்டார் அறை வற்றும்வரை மேல் தொட்டியின் விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். கணக்கில் வந்த இடத்தில் தண்ணீர் நின்றது. இந்தக் கடைசிச் சோதனையைச் செய்யாமல் மீன் வாங்கப் போகாதீர்கள், கொளத்தூர் வண்ணமீன் கடைகள் எங்கேயும் ஓடிவிடாது.

வால்வைச் சரிசெய்வது காதால் செய்யும் வேலை. மோட்டாரைப் போட்டதும் சைஃபன் பைப் களக் களக் என்று காற்றை விழுங்கும், சம்பில் குமிழிகள் பொங்கும். ஒரு நிமிடத்தில் காற்றெல்லாம் வெளியேறி, திடீரென்று அந்தச் சத்தம் அறுந்துபோகும். அங்கிருந்து வால்வைத் துளித்துளியாக மூட வேண்டும். அதிகம் திறந்திருந்தால் பெட்டியில் மட்டம் இறங்கி மறுபடி உறிஞ்சும் சத்தம் வரும். அதிகம் மூடினால் இரண்டாவது பைப்பில் தண்ணீர் தடித்து இரையும். நடுவில் ஓரிடத்தில் இரண்டும் அடங்கி, ஸ்கிம்மர் மோட்டாரின் ரீங்காரம் மட்டும் கேட்கும். ஒவ்வொரு முறை திருப்பியதும் சில நிமிடம் பொறுங்கள், மட்டம் மாறுவதற்கு நேரம் பிடிக்கும். சரியான இடம் கிடைத்ததும் வால்வுக் கைப்பிடியிலும் உடலிலும் சேர்த்து மார்க்கர் கோடு போட்டுவிடுங்கள். யாராவது கை பட்டுத் திருப்பினாலும் திரும்ப அங்கேயே கொண்டுவரலாம்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. தடுப்புப் பற்களில் நத்தையும் பாசியும் சேரும், வாரம் ஒருமுறை பல் துலக்கும் பிரஷ் போதும். தடுப்புப் பெட்டிக்குள் நத்தை விழாமலிருக்கப் பைப் வாய்களுக்குச் சல்லடை மூடி போடலாம், ஆனால் ஆபத்துப் பைப்புக்கு மட்டும் போடாதீர்கள். உப்புத் தண்ணீரில் ஒரு வசதி உண்டு. மூட்டில் எவ்வளவு மெல்லக் கசிந்தாலும் காய்ந்து வெள்ளையாகப் பூத்துவிடும், டார்ச் அடித்தால் தெரியும். துடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். மறுபடி பூத்தால் ஓ-ரிங்கை மாற்றுங்கள். ஓ-ரிங்கும் ஒரு யூனியனும் உபரியாகக் கேபினெட்டிலேயே கிடக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எந்தக் கடையும் திறந்திருக்காது.

ஊருக்குப் போகும்போது வீட்டில் இருப்பவர்களுக்காகக் கேபினெட் கதவின் உள்பக்கம் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். அதில் நாலே வரி: ‘பைப்பில் சலசல சத்தம் வந்தால் சிவப்பு டேப் ஒட்டிய பிளக்கைப் பிடுங்கவும். வேறு எதையும் தொட வேண்டாம். வேவ்மேக்கர் ஓடட்டும். எனக்கு போன் செய்யவும்.’ சிவப்பு டேப் ஒட்டியிருப்பது ரிட்டர்ன் மோட்டார். அதை நிறுத்தினால் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்பது சம்பிலுள்ள மேல்கோட்டில் இருக்கிறது.